மிக்கேலம்மாள் அக்கா ஓடவைத்த தேதி

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் ஓர் ஏற்றுமதித் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். கைப்பேசியில் தெரசாவின் பெயர் தெரிந்தது. தெரசா, மிக்கேலம்மாள் அக்காவின் தங்கை. ஒரே வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். எப்போதும் அக்காதான் என்னிடம் பேசுவார். தெரசா தன் போனிலிருந்து ஒருமுறைகூட என்னைக் கூப்பிட்டதில்லை. உடனே எடுத்தேன்.

"கனி, அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டா. காலைல பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலில உக்காந்தா. ஒரு கால் செருப்பத்தான் கழட்டியிருக்கா. நான் காப்பி எடுத்துட்டு வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

கையில் இருந்த தாளில் இன்னும் நான்கு வரி பாக்கி. அதை முடித்து, தேதியை இரண்டு முறை பார்த்து, அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் போட்டுவிட்டு ஓடியிருந்தால் அக்காவுக்குப் பிடித்திருக்காது.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கப்பல் சரக்குக்கான சுங்கத் தாள்களைத் தயார் செய்யும் எங்கள் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். நிறுவனத்தின் சார்பில் சுங்கத் தாள்களில் கையெழுத்திடும் அதிகாரம் மேனேஜரை விட்டால் அவருக்குத்தான் இருந்தது. கருவாட்டுப் பெட்டியோ, உலர்ந்த பூவோ, உப்போ, அவர் கையெழுத்து விழாமல் எங்கள் வழியாக அநேகமாக எதுவும் கப்பல் ஏறியதில்லை. லாரி ஓட்டுநர்கள் 'மிக்கேலக்கா' என்பார்கள். மேனேஜர் 'மேடம்' என்பார். பத்து வயது இளையவளான எனக்கு அவர் வெறும் 'அக்கா'.

அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. நான் வேலையில் சேர்ந்த வருடம், வெள்ளைச் சீருடை போட்ட ஒரு வெளிநாட்டுக் கேப்டன் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டார். கப்பல் புறப்பட வேண்டும், தாள் ஏன் இன்னும் தயாராகவில்லை என்று. அக்கா எழுந்திருக்கவில்லை. கேப்டன் கையெழுத்திட்ட தாளை மேசைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். முந்தின நாள் தேதி. கேப்டன் திருத்திக் கொடுத்துவிட்டுப் போன பிறகு என்னிடம் சொன்னார்: "தேதி போடாத தாளக்கூட மன்னிக்கலாம்ளா. தப்பான தேதி போட்ட தாளு பொய் சொல்லுது."

ஐந்தாறு வருடங்களுக்கு முன் அவர் அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கினார். கப்பல்காரர்களிடமிருந்து பழைய சாமான் வாங்கி விற்கும் கடையில் கிடந்தது. ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், எங்கள் இருவரையும்போல நடுவயதைத் தாண்டியது. கையை ஆட்டினால் சாவி ஏறும் வகை. பேட்டரி கிடையாது. மணியைச் சரியாகக் காட்டியது. தேதி மட்டும் கெட்டுப்போயிருந்தது. சின்ன ஜன்னலில் எட்டில் பாதியும் ஒன்பதில் பாதியும் தெரிய, நடுவில் சிக்கி நின்றது. கடைக்காரர் அதை மறைக்கவில்லை. "தேதியப் பாக்காதீங்கக்கா, மத்ததெல்லாம் கணக்கா ஓடும்" என்றே சொல்லிக் கொடுத்தாராம். அக்கா அலுவலகத்தில் எங்களிடம் காட்டி, "இதச் சரிபண்ணிட்டுத்தான் கையில கட்டுவேன்" என்றார். யாரிடமாவது கொடுத்துச் சரிசெய்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு பத்து நாளில் திரும்பியது. கால் இழுத்துக்கொண்டு நடந்து, பிறகு நேராகிவிட்டது. வலது கைதான் வரவில்லை. கை தூக்கும், விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. டம்ளரைப் பிடித்தால் நசுக்குவதுபோல இறுக்கும், இல்லையென்றால் நழுவவிடும். ஒன்றரை மாதம் கழித்துப் பிடிவாதமாக வேலைக்கு வந்து ஒரு தாளில் கையெழுத்திட்டார். சுங்க அலுவலகத்திலிருந்து அது திரும்பி வந்துவிட்டது. பதிவில் இருக்கும் கையெழுத்தோடு பொருந்தவில்லை. அதிகாரிகளைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அது அவர் கையெழுத்தாகத் தெரியவில்லை.

மேனேஜர் நல்லவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "மேடம், நீங்க முன்னால வரவேற்புல உக்காருங்க. போன் பாத்துக்குங்க. சம்பளம் கொறையாது."

அக்கா வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "மூணு மாசம் லீவு குடுங்க சார். அதுக்குள்ள கை வரலன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன். இடது கையால" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அவர் வீட்டுக்கு, திரேஸ்புரத்துக்குப் போனேன். பிசியோதெரபி செய்யும் பெண் வந்து போயிருந்தாள். மேசைமேல் ஒரு தட்டில் பாசிப்பயறும் உளுந்தும் கலந்து கிடந்தன. இரண்டையும் விரலால் பொறுக்கிப் பிரிக்க வேண்டும், அதுதான் பயிற்சி. அக்கா தட்டைத் தள்ளி வைத்திருந்தார்.

"இதப் பிரிச்சு என்னத்துக்கு? பிரிச்சதும் அந்தப் புள்ள திரும்பக் கலந்து வச்சுட்டுப் போறா."

தெரசா எனக்கு மட்டும் கேட்கும்படி காரணத்தைச் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அக்காதான் ஞானத்தாய். கோவில் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா சறுக்கி, கீழே இருந்த பெயரின் மேலேயே கோடு இழுத்துவிட்டது. சாமியார் இரக்கப்பட்டு, "பரவாயில்ல, பெருவிரல் வச்சாலும் போதும்" என்றிருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து சோறு உண்ணவில்லை. "கையெழுத்துப் போட்டே சோறு தின்னவ நான். என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்லுதாவ" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் அந்த வாட்சை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வாட்ச் கடை முருகேசன் அண்ணாச்சியிடம் போனார். அண்ணாச்சி கடையில் எப்போதும் கூட்டம். பின்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இப்போ பாகம் வாரதில்ல. தேதி ஜன்னல அடைச்சுத் தாரேன், பாக்க அழகா இருக்கும்" என்றார்.

"அடைக்கதுக்கா கொண்டுவந்தேன்? எங்கன கெட்டுருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நானே பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி அவருடைய வலது கையைப் பார்த்தார். "கை நடுங்குதவங்க இந்த வேலையத் தொடக் கூடாதும்மா."

"நடுங்குததுனாலதான் தொடுதேன்."

அதைக் கேட்டு அண்ணாச்சி சிரிக்கவில்லை. எழுந்து பின்னால் போய், கண்ணில் மாட்டும் பழைய லென்ஸ் ஒன்று, இரண்டு சிறு திருப்புளி, ஒரு இடுக்கி, அதோடு ஓடாத வாட்ச் ஒன்றின் உள்பாகம் எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். "முதல்ல இந்தச் செத்ததுல ஒரு மாசம் பழகுங்க. உசிரோட இருக்கத அப்பறம் தொடலாம்" என்றார்.

அக்கா அப்படியே செய்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போவதுபோல் சேலை கட்டிக்கொண்டு, வாசல் வெளிச்சம் விழும் மேசையில் உட்கார்ந்துவிடுவார். வலது கையில் இடுக்கி. அது ஆடாமல் இருக்க, இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிப்பார். முதல் வாரம் ஒரு திருகாணியைக்கூட அவரால் கழற்ற முடியவில்லை. மூன்றாவது வாரம் அதிலிருந்த எட்டுத் திருகாணியையும் கழற்றி எட்டையும் மாட்டினார். பிசியோதெரபிப் பெண் பார்த்துவிட்டுப் பயறுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மாதம் முடிந்த அன்று நிஜ வாட்சைத் திறந்தார். முள்ளையும் டயலையும் எடுத்துவிட்டு எனக்கும் காட்டினார். டயலுக்கு அடியில் தேதிகள் எழுதிய வளையம் ஒன்று, அதன் உள்விளிம்பில் முப்பத்தொரு பல். ஒரு நாளுக்கு ஒருமுறை சுற்றும் சின்னச் சக்கரம் ஒன்று அதில் ஒரு பல்லைத் தள்ளிவிடும். தள்ளிய இடத்திலேயே வளையம் நிற்பதற்காக, மூக்கு வைத்த ஒரு சிறு துண்டு பல்லிடுக்கில் வந்து உட்காரும். அந்தத் துண்டை அழுத்திப் பிடிப்பது தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங். எப்போதோ யாரோ அளவில்லாமல் விட்ட எண்ணெய் பிசினாக இறுகி எல்லாவற்றையும் ஒட்டியிருந்தது. அக்கா நான்கு நாள் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தார். மாட்டிப் பார்த்தபோது தேதி அசைந்தது, ஆனால் மறுபடியும் பாதியில் நின்றது. அண்ணாச்சியிடம் காட்டியபோது, "ஸ்பிரிங் சோந்து போச்சு. கழட்டி லேசா வளைச்சுப் பாருங்க" என்றார்.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. அலுவலகத்தில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அன்று சனிக்கிழமை. வெயிலில் நடந்து வந்திருந்தேன். அக்கா ஸ்பிரிங்கையும் அதோடு சேர்ந்தவற்றையும் கழற்றி வெள்ளைத் தட்டில் வைத்து லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும், வேர்த்த வேகத்தில், கேட்காமல் மின்விசிறியைப் போட்டுவிட்டேன். தட்டு காலியாகிவிட்டது. மூக்குத் துண்டு, இரண்டு திருகாணி, ஸ்பிரிங், எல்லாம் பறந்துவிட்டன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. விசிறியை நிறுத்த ஓடினேன்.

"ஓடட்டும், கெடக்கட்டும்" என்றார் அக்கா. "இனி நிறுத்தி என்ன ஆவப்போவுது? நீ வேர்வையத் தொடச்சுக்க. அப்பறம் தேடுவோம்."

பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் கட்டி, நானும் தெரசாவும் தரை முழுக்கத் தவழ்ந்தோம். மூக்குத் துண்டு கிடைத்தது. திருகாணிகள் கிடைத்தன. தெரசா போன வருடம் தொலைத்த கம்மல் திருகு கட்டில் காலடியில் கிடைத்தது. ஸ்பிரிங் மட்டும் கிடைக்கவில்லை. மதியம் தாண்டிவிட்டது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். யார் விசிறியைப் போட்டது என்ற பேச்சையே அக்கா எடுக்கவில்லை.

"தொலஞ்சது நல்ல ஸ்பிரிங்காளா? இல்லல்லா. நல்லதா ஒண்ணு செய்வோம். உருக்குக் கம்பி வேணும், ஒல்லியா. யார்ட்ட இருக்கும்னு யோசி."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். மறுநாள் ஞாயிறு. பூசை முடியும் நேரம் பார்த்துக் கோவில் வாசலில் நின்றேன். பாடற்குழுவில் கித்தார் வாசிக்கும் தொம்மை அண்ணன் வந்தார். மற்ற நாட்களில் அவர் எலக்ட்ரீசியன்.

"கித்தார் கம்பியா? ஒனக்கா? பாட்டுக் கத்துக்கப் போறியா கனி?"

"வாட்சுக்கு அண்ணே. மிக்கேலக்கா கேக்காவ."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உறையைத் திறந்து, அறுந்துபோன முதல் கம்பிகள் மூன்றைச் சுருட்டிக் கொடுத்தார். "இதவிட ஒல்லி எங்கிட்ட கெடையாது. பத்தலன்னா சொல்லு, வேற எங்கயாவது தேடுவோம்" என்றார்.

அந்தக் கம்பியும் ஸ்பிரிங்குக்குத் தடிமன்தான். அக்கா அதை உப்புத்தாளில் வைத்து இழுத்து இழுத்துத் தேய்த்தார். தேய்த்து, வெட்டி, இடுக்கியால் வளைத்து, மாட்டி, கையால் முள்ளைச் சுற்றிப் பார்ப்பார். முதலில் செய்தது பலம் கூடிவிட்டது. முள் பன்னிரண்டை நெருங்கியதும் வளையத்தைத் தள்ள முடியாமல் வாட்சே நின்றுவிட்டது. இரண்டாவது மெலிந்துவிட்டது. ஒரு தேதிக்குப் பதில் இரண்டு தேதி துள்ளியது. மூன்றாவது வளைக்கும்போதே ஒடிந்தது. நான்காவது சரியாக வந்து, மாட்டும்போது விரல் உதறிப் பறந்துபோனது.

அன்று நான் போனபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இந்தக் கை என் கையே இல்லளா. வேற யாரோ ஒருத்தி கைய எங்கிட்டக் குடுத்துருக்காவ" என்றார். மூன்று மாதத்தில் இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. "போதும்க்கா, வரவேற்புலயே உக்காருங்க, நான் பக்கத்துல இருப்பேன்லா" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. நான் சொன்னதை முழுதாகக் கேட்டு, வேண்டாம் என்று முடிவு செய்த பார்வை.

"நாளைக்கு வரும்போது உப்புத்தாள் வாங்கிட்டு வா. இன்னும் நைசா" என்றார்.

ஏழாவதாகச் செய்த ஸ்பிரிங் சரியாகப் பிடித்தது.

லீவு முடிந்த காலையில் அலுவலகத்துக்கு வந்தார். இடது கையில் அந்த வாட்ச். தேதி நள்ளிரவில்தான் மாறும். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக, தேதியை ஒருநாள் பின்னே வைத்து, நடுப்பகலில் மாறும்படி முள்ளைத் திருப்பி வைத்திருந்தார். பதினொன்றே முக்காலுக்கு அதைக் கழற்றி மேசை நடுவில் வைத்தார். ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்தோம். மேனேஜரும் அறையிலிருந்து வந்து நின்றார். தாள் வாங்க வந்த தருவைகுளத்து லாரி ஓட்டுநர் ஒருவர், "என்னக்கா, எல்லாரும் என்னத்தப் பாக்கிய?" என்று எட்டிப் பார்த்து, அவரும் நின்றுவிட்டார்.

ஜன்னலில் பதினேழு. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எண் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டு ஆனபோது பதினேழில் பாதியும் பதினெட்டில் பாதியும். அங்கேயே நின்றதுபோல் இருந்தது. அக்கா வாட்சைத் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தாண்டி ஏழு நிமிடத்தில் டக்கென்று ஒரு சின்னச் சத்தம். ஜன்னலில் முழுதாகப் பதினெட்டு நின்றது.

லாரி ஓட்டுநர்தான் முதலில் கைதட்டினார்.

அக்கா முகத்தில் சிரிப்பில்லை. "ஏழு நிமிஷம் பிந்துது. அதயும் பாக்கணும்" என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்து, எங்கள் கண்ணெதிரே பத்துக் கையெழுத்துப் போட்டார். பழைய கையெழுத்து சாய்ந்து ஓடும். கடைசி எழுத்துக்கு ஒரு வால் இருக்கும். இது நேராக நின்றது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி. வால் கிடையாது.

"இது பழசு இல்ல சார். பழசு இனி வராது. இது புதுசு. பத்தும் ஒண்ணுபோல இருக்கான்னு பாத்துக்குங்க. இருந்தா இதயே பதிவு பண்ண எழுதிப் போடுங்க."

மேனேஜர் தாளை மடித்து, ஒரு கையெழுத்தின் மேல் இன்னொன்று விழும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று விதமாக மடித்துப் பார்த்தார். பிறகு தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "விண்ணப்பம் தயார் பண்ணுங்க மேடம். இன்னிக்கே அனுப்பிருவோம்" என்றார்.

புதிய கையெழுத்து பதிவானது. அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவர் அந்த மேசையில்தான் இருந்தார். ஒரு தாளும் கையெழுத்துக்காகத் திரும்பி வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது அக்காவுக்குப் பிடிக்காத பொய்யாகிவிடும். அந்தக் கை கடைசிவரை குளிர்காலத்தில் மரத்துப்போகும். ரவிக்கைக் கொக்கி மாட்ட தெரசா வேண்டும். இரண்டு வருடத்தில் அந்த ஸ்பிரிங் தளர்ந்து, எட்டாவது ஒன்று செய்தார். பேச்சும் முன்னைவிடக் கடுமையாகிவிட்டது. முயற்சி செய்யாமலே முடியாது என்று யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். ஒருமுறை முருகேசன் அண்ணாச்சி ஒரு வாடிக்கையாளரிடம் பாகம் இல்லை என்று சொல்வதைக் கேட்டு, அந்தக் கடையில் வைத்தே அவரோடு சண்டை போட்டார். அடக்கத்தன்று அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து கடைசியாகக் கிளம்பியதும் அவர்தான்.

கடைசியாக நான் அக்காவைப் பார்த்தது போன மாதம். சுவரோரம் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் இப்போது கையெழுத்திடும் அதிகாரம் மேனேஜருக்கு மட்டும் இருக்கிறது, அவரும் அடுத்த வருடம் போய்விடுவார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதற்கென்று ஒரு தகுதித் தேர்வு உண்டு.

"நீ எழுதுளா."

"ஐம்பது தாண்டிட்டுக்கா. இனிப் போயி யாரு படிக்க?"

"நீதான். வேற யாரு?" என்று சொல்லிவிட்டு மீனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அது அவர் வழக்கமும் இல்லை. நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாட்சை இப்போது தெரசா கட்டியிருக்கிறார். எனக்குத் தருவதாகச் சொன்னார், நான் வாங்கிக்கொள்ளவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. 'முடியாது' என்பதைச் செய்து பார்த்த பிறகு சொல்வது என்ற அவருடைய பிடிவாதம். அதில் ஒரு துண்டு எனக்குப் போதும்.

நேற்று மதியம் சாப்பிட்ட கையோடு தேர்வு விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர் எழுதினேன். வயது எழுதும்போது ஒரு கணம் தயங்கி, எழுதினேன். கடைசியில் கையெழுத்துக்கான கட்டம் வந்தது. அக்காவைப்போல மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு, போட்டேன்.